எண்ணிக்கை இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

(2022 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று நம் வளாகத்தில் கொடியேற்றத்துக்குப் பிறகு, 'பி' பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

இந்தக் குளிரில் உங்களை ரொம்ப நேரம் நிற்க வைக்க மாட்டேன். நம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் கேட்டவற்றிலிருந்து நாலு கேள்விகளைச் செயலாளர் சார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதல் கேள்வி: "கேஸ் இறங்குகிறதே, இன்னும் பயப்பட வேண்டுமா?"

தமிழ்நாட்டில் போன சனிக்கிழமை ஒரே நாளில் 30,744 பேர். நேற்று முப்பதாயிரத்தைச் சற்றே தாண்டியது. இறங்குகிறது, சரி. ஆனால் அது மாநிலக் கணக்கு. சென்னையில்தான் முதலில் ஏறியது, அங்கேதான் முதலில் இறங்குகிறது. சேலம், கோவை பக்கம் இன்னும் அப்படி இல்லை. வீட்டிலேயே கிட் வாங்கிச் சோதித்துக்கொள்பவர்களில் பலர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். போன ஆண்டு மே 21-ம் தேதி 36,184 பேருக்குத் தொற்று வந்தது. அன்று ஒரே நாளில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த ஜனவரியில் தொற்று கிட்டத்தட்ட அதே அளவு, இறப்பு அதைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கிறது. ஒமிக்ரான் கொஞ்சம் மிதமானது என்பது ஒரு காரணம். இடையில் கோடிக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொண்டது இன்னொரு காரணம். அதனால் "வெறும் சளி" என்று சொல்பவர்கள் முதலில் ஊசிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்வி: "ஊசி போட்டவர்களுக்கும் வருகிறதே, பிறகு எதற்கு?"

இதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் அக்காவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. போன ஏப்ரலில் ஊசி போட்டுக்கொள்ள நாள் குறித்திருந்தோம். நடிகர் விவேக், ஜனங்களுக்குத் தைரியம் வரட்டும் என்று ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி காலமானார். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு, ஊசி காரணமில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழுவும் அக்டோபரில் அதையே சொன்னது. ஆனால் அந்த வாரம் எங்கள் வீட்டில் யார் கேட்டார்கள்? "ஒரு மாசம் பார்த்துட்டுப் போட்டுக்கறேன்டி" என்றாள் அக்கா. முப்பத்தோரு வருஷம் ஊசி போட்டவள் நான், "சரிக்கா, உன் இஷ்டம்" என்று விட்டுவிட்டேன். மே இரண்டாவது வாரம் காய்ச்சல் வந்தது. படுக்கைக்காக ஆம்புலன்ஸிலேயே ஆறு மணி நேரம் காத்திருந்தோம். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

ஊசி போட்டிருந்தால் தொற்றே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. பிழைத்திருக்க அவளுக்கு வாய்ப்பு அதிகம் இருந்திருக்கும். அன்றைக்கு இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே என்பதுதான் எனக்கு இன்றைக்கும். அதனால் உங்களிடம் இரண்டு தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

60 வயது தாண்டி, சர்க்கரை, பிரஷர், இதய நோய் உள்ளவர்களுக்கு ஜனவரி 10 முதல் முன்னெச்சரிக்கை தவணை போடுகிறார்கள். இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும். முன்பு போட்டது கோவிஷீல்டா கோவாக்சினா, அதேதான் இதற்கும். டாக்டர் சான்று தேவையில்லை. அண்மையில் கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துப் போட்டுக்கொள்ளுங்கள். 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இந்த மாதம் 3-ம் தேதியே கோவாக்சின் தொடங்கிவிட்டது.

மூன்றாவது: மாஸ்க்.

அபராதம் 200-லிருந்து 500 ஆகிவிட்டது. நம் லிஃப்டில் போலீஸ் இல்லை என்பதால் தாடைக்கு மாஸ்க் போட்டு வருகிறோம். தோட்டத்தில் தனியாக நடக்கும்போது கழற்றுங்கள், தப்பில்லை. லிஃப்ட், அசோசியேஷன் ஆபீஸ், ஜன்னல் சாத்திய கார், இங்கெல்லாம் மூக்கையும் மூடுங்கள். இந்தக் குளிருக்கு எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். கிருமிக்கு அதுதான் வசதி. துணி மாஸ்க்கைவிட என்-95 நல்லது. வால்வு வைத்தது வேண்டாம், உங்கள் மூச்சு வடிகட்டப்படாமல் அதன் வழியே வெளியே வந்துவிடும். என்-95-ஐத் துவைக்கக் கூடாது. நாலைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் காகித உறையில் ஆறப்போட்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

நாலாவது கேள்வி: "வேலைக்கு வருகிற பெண்களிடம் ஊசிச் சான்றிதழ் கேட்கலாமா?"

கேளுங்கள். ஆனால் நாமும் காட்டுவோம். கரடியூர்ப் பக்கத்திலிருந்து நடந்து வருகிற ஒரு பெண் ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலில் படுத்தால், அந்த நாள் கூலியைப் பிடிக்காதீர்கள். பாதிப் பேர் தள்ளிப்போடுவது பயத்தால் அல்ல, கூலி போய்விடும் என்பதால்.

இன்னொன்று சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். பொங்கல் விடுமுறைக்கு மேலே வந்தவர்களில் மூன்று வீடுகளில் காய்ச்சல் இருந்தது. ஒரு வீடுதான் சொன்னது. மற்ற இரண்டு வீடுகளிலும் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மா வீட்டில் எண்பது வயது மாமியார் இருக்கிறார். கொரோனா வந்தது குற்றம் அல்ல. மறைப்பதுதான் தப்பு. சொன்னால் யாரும் கதவைப் பூட்டப் போவதில்லை. பால், மருந்து வாசலுக்கு வரும். ஏழு நாள் தனியாக இருங்கள், கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாவிட்டால் வெளியே வாருங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, மலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. நாம் ஐயாயிரம் அடியை ஒட்டிய உயரத்தில் இருக்கிறோம். சேலத்தில் 98 காட்டும் ஆக்சிமீட்டர் இங்கே 96 காட்டலாம். நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை பார்த்து உங்கள் எண்ணைக் குறித்து வையுங்கள். காய்ச்சல் வந்து 94-க்குக் கீழே இறங்கினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். இரவு எந்நேரமானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

ஊசி போடாத பெரியவர்கள் நம் வளாகத்தில் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். இந்த வாரம் நானே வருகிறேன், சேர்ந்து போவோம்.

மிட்டாயை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடுங்கள்.