பேதி மருந்து: கண்டும் கேளாதிருந்தோம்

(மார்க்கத்தில் நடைபெற்ற சமூக நல ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். கணினித் துறையில் பணியாற்றும் பொறியியலாளன். எனினும், என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்வு இவ்விடயத்தைப் பேச வைத்துள்ளது.

பாடசாலை விடுமுறையில் விடியற்காலையில் எழுப்பி, ஆமணக்கெண்ணெய் பருக்கி, "வயிறு சுத்தமாகட்டும்" என்று வளர்க்கப்பட்ட தலைமுறையினர் நாம். தமிழகத்தின் திருநெல்வேலிப் பகுதியில் விளையும் நிலாவாரை, அவ்வூரின் பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்படுகிறது. இங்குள்ள மருந்தகங்களில் வைத்தியரின் சீட்டு இன்றி விற்கப்படும் மலமிளக்கி மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் நிலாவாரையின் சாரமே. "மூலிகைதானே" என்ற துணிவு எமக்கு வருவது இதனாலேயே.

என் சகோதரியின் மகள், அரங்கேற்றத்திற்கு ஆயத்தமான மாதங்களில், எடையைக் குறைக்கவென இம்மாத்திரைகளை நாள்தோறும் உட்கொண்டிருக்கிறாள். குளியலறையில் பெட்டியைக் கண்ட அம்மம்மா, மலச்சிக்கல் என்று எண்ணினார். நானும் கண்டேன், கேளாதிருந்தேன். ஒத்திகையில் அவள் மயங்கி விழுந்த பின்னரே, குருதியில் பொற்றாசியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தமை தெரியவந்தது. இன்று அவள் நலமாக இருக்கிறாள். அவளது சம்மதத்துடனேயே இதனைக் கூறுகிறேன்.

உண்ணும் உணவின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நிலாவாரை தொழிற்படுவதோ பெருங்குடலில். ஆகவே, வெளியேறுவது கொழுப்பு அன்று, நீரும் உப்புகளுமே. தராசில் குறைந்த எடை, நீர் அருந்தியதும் திரும்பிவிடும். ஆனால், பொற்றாசியம் குறைந்தால் தசைகள் தளரும், இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும், உயிராபத்தும் நேரலாம். நீரிழப்பு நீடித்தால் சிறுநீரகம் பாதிப்புறும்.

கடையில் கிடைப்பதனால் தீங்கற்றது என்று எண்ணுவதும் தவறு. பல்லாண்டுகள் மலமிளக்கியாக விற்கப்பட்ட பினோல்தலீன், விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியமை கண்டறியப்பட்டதனால், 1999இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. சோடியம் பொஸ்பேற்று மலமிளக்கிகளை 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தினால் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படலாம், மரணமும் நேரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது. முதியோர் இதில் சிறப்பாகக் கவனம் கொள்ளவேண்டும்.

மீளும் வழி உண்டு. முதலில் குடும்ப வைத்தியரிடம் மறைக்காது சொல்லுங்கள். குருதிப் பரிசோதனை செய்து, நிறுத்தும் முறையை அவர் வகுப்பார். நிறுத்தியதும் சில நாட்களோ வாரங்களோ வயிறு உப்பும், கால் வீங்கும், மலச்சிக்கல் தோன்றும், எடை கூடியதாகத் தெரியும். அது பெரும்பாலும் தேங்கிய நீர், மெல்ல வடிந்துவிடும். இக்கட்டத்தில் அஞ்சி மீண்டும் மாத்திரையை நாடாதிருப்பதே முக்கியம். போதிய நீர், குரக்கன், தவிடு நீக்காத அரிசி, கீரை, பயறு, பழங்கள், நாளாந்த நடை, தவறாத உணவு வேளை ஆகியன குடலை மீண்டும் பழக்கும். வைத்தியர் தேவையறிந்து தரும் மருந்தை அவர் சொற்படி எடுப்பதில் தவறில்லை.

எடை பற்றிய அச்சமே காரணமாயின், உணவுமுறை மட்டும் போதாது; மனநல ஆலோசனையும் வேண்டும். ரொறன்ரோவில் உள்ள தேசிய உணவுக் கோளாறு தகவல் நிலையம் இதற்கு வழிகாட்டுகிறது. ஒன்ராறியோவில் 811 என்ற இலக்கத்தை அழைத்து, எந்நேரமும் தாதியரிடம் ஆலோசனை பெறலாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மலத்தில் பெருமளவு குருதி ஆகியன கண்டால் தாமதியாது 911ஐ அழையுங்கள்.

பெற்றோரே, பிள்ளையின் அறையில் அப்பெட்டியைக் கண்டால் ஏசாதீர்கள், அருகிருந்து கேளுங்கள். கொண்டாட்ட மண்டபங்களில் "கொழுத்துவிட்டாய்" என்று எவரையும் வரவேற்காதீர்கள். நான் கேட்கத் தவறிய கேள்வியை நீங்கள் இன்றே கேளுங்கள்.