முதியோர் இல்லத்துக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள்

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)

அம்மாவையோ மாமனாரையோ ஒரு இல்லத்தில் சேர்க்கலாமா என்று நம் குடியிருப்பிலேயே மூன்று நான்கு வீடுகளில் பேச்சு ஓடுகிறது. அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்து 34 வருஷம் பேங்கில் கிளார்க்காக இருந்தவன். ஆனால் எங்கள் சித்திக்காக இல்லம் இல்லமாக ஏறி இறங்கியிருக்கிறேன்.

சித்திக்கு ஊர் இளையரசனேந்தல். முன்பு சங்கரன்கோவில் தாலுகா, இப்போது கோவில்பட்டி. கரிசல் காட்டில் உழைத்த உடம்பு. 81 வயதில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஒரு மகன் பெங்களூரு, இன்னொருவன் துபாய். ஆபரேஷன் ஆகி வந்தவரைத் தூக்கி உட்கார வைக்க ஊரில் ஆள் கிடைக்கவில்லை. தேடிப் பிடித்து ஒரு இல்லத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்குப் போவேன். தரை பளபளவென்று இருக்கும். சித்தி தலை வாரி, பவுடர் பூசி உட்கார்ந்திருப்பார். ஒரு புதன்கிழமை அந்தப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. சாயங்காலம் 7 மணிக்கு அப்படியே உள்ளே நுழைந்தேன். மதியம் கட்டிய டயப்பர் மாற்றவில்லை. கட்டிலில் ஒரு சார்ட் தொங்கியது. எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தார்கள் என்று டிக் போடும் சார்ட். அதில் 8 மணிக்கும் 10 மணிக்கும் டிக் விழுந்திருந்தது! கேஷ் எண்ணும் முன்பே பேலன்ஸ் எழுதி வைத்த மாதிரி.

அந்தப் பெண்ணைக் கேட்டேன். மறைக்கவில்லை. "எட்டு மணிக்குச் சாப்பாடு குடுக்கணும் சார், அப்புறம் எழுத நேரம் இருக்காது" என்றாள். 22 கட்டிலுக்கு அவள் ஒருத்தி. காலை 6 மணிக்கு வந்தவள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஆளை வைத்து மூன்று ஆள் வேலை வாங்குகிறவரைத்தான் கேட்க வேண்டும்.

சித்திக்கு அதற்குள் வால் எலும்புப் பக்கம் புண் வந்திருந்தது. தானாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும் என்பது நர்ஸிங்கில் பாலபாடம். காற்று மெத்தை போட்டாலும் புரட்டத்தான் வேண்டும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் நீங்களே பாருங்கள். புண் வருவதற்கு முன் அந்த இடம் சிவக்கும் என்பார்கள். நம் நிறத்துக்கு அது சரியாகத் தெரியாது. தொட்டுப் பாருங்கள், அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

பேங்கில் இன்ஸ்பெக்டர் தேதி சொல்லிவிட்டு வரமாட்டார். காலையில் கவுன்ட்டர் திறக்கும் முன் வந்து நிற்பார். அதே மாதிரி போங்கள். ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். பகல் கணக்கைச் சொல்லி மழுப்புவார்கள், விடாதீர்கள். எங்கள் இல்லத்தில் யாரும் விழுந்ததே இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன். இருபது முதியவர்கள் நடமாடும் இடத்தில் யாருமே விழவில்லை என்றால், ஒன்று எழுதி வைக்கவில்லை, இல்லை யாரையும் எழுந்து நடக்கவே விடவில்லை. பினாயில் வாசம் தூக்கலாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். (என் மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.)

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் நடந்தது நினைவிருக்கும். ஒரு காப்பகத்தின் வேனில், காய்கறி மூட்டைகளோடும் ஒரு சடலத்தோடும் ஏற்றப்பட்டிருந்த மூதாட்டி கூச்சல் போட, ஜனங்கள் வண்டியை மறித்தார்கள். பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். அனுமதிக் காலம் முடிந்துபோயிருந்தது தெரிந்தது. அங்கிருந்தவர்களை அரசு வேறு இடங்களுக்கு மாற்றியது. அவர்கள் பெரும்பாலும் கேட்க நாதியில்லாதவர்கள். வந்து பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் எதுவும் நடக்கும்.

எனவே சேர்க்கும் முன் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் அந்த இல்லம் பதிவாகியிருக்கிறதா, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, கட்டணமில்லை. ஆனால் சான்றிதழ் சுவரில் தொங்குவதால் ராத்திரி டயப்பர் மாறிவிடாது.

சித்தியை வேறு இடத்துக்கு மாற்றினோம். பழைய கட்டடம், பெயின்ட் உரிந்திருக்கும். 12 பேர்தான், ராத்திரிக்கு இரண்டு ஆள். முதல் இடத்தில் 'ஆறாம் நம்பர்' என்பார்கள், இங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். காலை ஐந்தரைக்குக் காப்பி வேண்டும் என்றார் சித்தி, வருகிறது. புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று.

கடைசியாக ஒரு யோசனை. நம் குடியிருப்பில் சிலரின் பெற்றோர் ஏற்கெனவே இல்லங்களில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஞாயிறு விட்டால் நேரமில்லை. ரிட்டயரான நமக்கு மற்ற ஆறு நாளும் இருக்கிறது. குடும்பத்தாரின் கடிதத்தோடு, மாதம் ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லாமல் நம்மில் ஒருவர் போய்ப் பார்த்து வரலாம். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். எனக்குப் புதன்கிழமை சாயங்காலம் சரிப்படும்.