குளம் திறந்தது யாருக்கு?



பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் 1924இல் அதை ஏற்று எழுதிவைத்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் போய்ச் சவுதார் குளத்து நீரை அள்ளும்வரை நம் மக்கள் அதைத் தொட முடியவில்லை.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இன்றைய பல்கலைக்கழகம் அந்த 1924ஆம் ஆண்டுக் குளம்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்கிறது. பழைய பொதுக் கட்டடங்களையும் விதிகள் வந்த 5 ஆண்டுக்குள் மாற்றியமைக்கச் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனோடு முடிந்தது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதுரி 2005இல் தொடுத்த வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 15ஆம் விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று சொன்னது. சட்டம் வந்த பிறகும், அது கட்டாயம் என்று சொல்லவைக்க இவ்வளவு காலம் ஆயிற்று.

நம் காமயகவுண்டன்பட்டிக்கு வருவோம். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் ஒரு தாயின் மகள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றுக்கு உத்தமபாளையம் தாலுகா அலுவலகம், மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு அரசு மருத்துவமனை. ஒவ்வொரு நடைக்கும் அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும். இடம் கிடைத்தாலும் பேருந்துப் படி உயரம், வகுப்பு மாடியில். கழிப்பறைக்குள் நாற்காலி நுழையாது என்பதால் அவள் நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் படிப்பை நிறுத்துவாள். பதிவேட்டில் 'சொந்தக் காரணம்' என்று எழுதுவார்கள்.

சண்டிகர் ஓவியக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய ஆர்யன் ராஜ் வழக்கில், மாற்றுத்திறனாளிகளும் சமூகரீதியாகப் பின்தங்கியவர்களே, பட்டியல் சாதியினருக்குத் தரும் மதிப்பெண் தளர்வு அவர்களுக்கும் உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு ஒடுக்குமுறைகளும் உறவுக்காரர்கள் என்பதை நீதிமன்றமே கண்டுகொண்டது. இரண்டையும் ஒரே உடம்பில் சுமக்கும் பிள்ளையை நாம் கண்டுகொள்ள வேண்டும்.

மாணவத் தோழர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் கல்லூரியைக் கேளுங்கள். அந்த 5 விழுக்காட்டில் எத்தனை இடம் நிரம்பியது? அதில் தலித், பழங்குடி மாணவர் எத்தனை பேர்? பாதியில் நின்றவர் எத்தனை பேர்? சாய்தளம் எங்கே? பார்வையற்றவர் கணினிவழி கேட்டுப் படிக்கத் தமிழ்ப் பாடநூல் உண்டா?

பதில்களை அடுத்த ஆண்டு நினைவுக் கூட்டத்தில் வாசிப்போம். அந்தக் கூட்டம் தரைத்தளத்தில், சக்கர நாற்காலி நுழையும் இடத்தில் நடக்கட்டும்.