கைப்பேசிக்கும் கதவு உண்டு
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கைப்பேசியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதற்காகப் படம் எடுத்த சாதிச் சான்றிதழும், ஆதார் அட்டையும், வங்கிப் புத்தகமும் இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியிலேயே தங்கிவிடுகின்றன. படங்கள் அனைத்தையும் காண ஒரு செயலிக்கு அனுமதி தந்தால், இவற்றையும் காண வழி திறந்துவிட்டோம் என்பதே பொருள். வாடகை வீடு தேடும்போது சாதி தெரிந்தால் என்ன நேர்கிறது என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்மைப் பற்றிய செய்தியை எவரிடம் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே.

இது புதிய கோரிக்கையன்று. அண்ணல் அம்பேத்கர் 1947இல் வரைந்தளித்த அடிப்படை உரிமைகளில், மக்களின் உடலும் இல்லமும் தாள்களும் உடைமைகளும் நியாயமற்ற சோதனைக்கு ஆளாகாத உரிமையும் இடம்பெற்றிருந்தது. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

ஆயினும், ஏட்டில் உள்ள உரிமையை நாமே விரல் நுனியால் இழந்துவிடலாகாது. அவசரக் கடன் தருவதாகக் கூறும் சில செயலிகள் தொடர்பு எண்கள் அனைத்தையும் கேட்கின்றன. தவணை தவறினால் உற்றார் உறவினரை அழைத்து இழிவுபடுத்துவதற்கே அவை பயன்படுகின்றன. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படக் கோப்புகளையும் அணுகலாகாது என்று 2022இல் இந்திய ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது. எனவே, அவற்றைக் கேட்கும் கடன் செயலியை உடனே விலக்குங்கள்.

இளைஞர்களே, செயலி எதைக் கேட்டாலும், 'இவ்வேலைக்கு இது தேவையா?' என்று வினவுங்கள். வழிகாட்டும் வரைபடத்துக்கு இருப்பிடம் தேவை. கைவிளக்குச் செயலிக்குத் தொடர்பு எண்கள் எதற்கு? கைப்பேசியின் 'அமைப்புகள்' பகுதியில் செயலிகளின் அனுமதிகளைக் காணலாம். இருப்பிடத்தைப் பயன்படுத்தும்போது மட்டும் அனுமதியுங்கள். புதிய கைப்பேசிகளில், தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டவும் வழியுண்டு. வேண்டாத செயலியை நீக்கிவிடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். அனுமதியை இன்று திரும்பப் பெற்றாலும், நேற்றே எடுத்துச் சென்ற விவரம் தானாகத் திரும்பி வாராது. ஆகவே முதலிலேயே மறுப்பதுதான் சிறந்த காவல்.

எழுதப் படிக்க அறியாத பெற்றோரைக் கைநாட்டு வைக்கச் செய்து நிலத்தைப் பறித்த கதைகளை நம் மூத்தோர் அறிவர். படிக்காமலே 'அனுமதி' என்று அழுத்துவதும் கைநாட்டே. படித்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியை இவ்வாரமே அவர்களுடன் அமர்ந்து சரிபார்த்துத் தருமாறு வேண்டி, என் உரையை நிறைவு செய்கிறேன்.