சமூக வலைத்தளங்கள்: வளர்ச்சியும் விளைவும்



ஒருவர் தம் பெயரைப் பதிந்து, அறிமுகமானோரைத் தேடிச் சேர்த்து, அவர்களோடு செய்தியும் படமும் பரிமாறிக்கொள்ளும் இணைய இடமே சமூக வலைத்தளம். 1997 இல் தோன்றிய சிக்ஸ் டிகிரிஸ் இவ்வகையில் முன்னோடி. அது நெடுநாள் நிலைக்கவில்லை. உற்றார் உறவினர் எவரும் இணையத்திற்கு வந்திராத காலத்தில் யாரோடு பேசுவது? 2002 இல் பிரண்ட்ஸ்டர், 2003 இல் மைஸ்பேஸ், 2004 இல் ஆர்குட்டும் பேஸ்புக்கும் என அடுத்தடுத்துத் தளங்கள் வந்தன. இந்திய இளைஞரிடையே முதலில் வேரூன்றிய ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் மூடிவிட்டது. 2009 இல் தோன்றிய வாட்ஸ்அப் உண்மையில் வலைத்தளம் அன்று, செய்திச் செயலி. ஆயினும் தமிழ்க் குடும்பங்களில் சமூக வலைத்தளத்தின் வேலையை எல்லாம் இன்று அதுவே செய்கிறது.

ஆரணி, வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் சென்றுவிட்டனர். ஊரில் ஒரு துக்கம் நேர்ந்தால் முன்பு தந்தி போகும். கடிதம் போய்ச் சேருமுன் காரியம் முடிந்துவிடும். இன்று நொடியில் செய்தி சேர்கிறது. எழுதப் படிக்க இயலாத பாட்டிகூடக் குரற்பதிவில் பேரனை அதட்டுகிறார். இந்த நன்மையை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையைச் சூழ்ந்தபோது, எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார், எங்கே உணவு கிடைக்கும், எந்த வீட்டில் தங்க இடமுண்டு என்ற விவரங்களைத் தொண்டர்கள் இத்தளங்களின் வழியே திரட்டினர். அதே நாட்களில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பொய்யும் அதே வழியில்தான் பரவியது. அதனால் விளைந்தது வீண் அச்சம்.

2018 மே மாதத்தில் அப்படி முடியவில்லை. போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலை நாடி வந்த ஒரு குடும்பத்தார் வழியில் காரை நிறுத்தினர். உடன் வந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். குழந்தை கடத்துவோர் சுற்றித் திரிகின்றனர் என்ற பொய்ச் செய்தி அப்போது வட மாவட்டங்களின் கைப்பேசிகளில் உலவிக்கொண்டிருந்தது. கூட்டம் சேர்ந்து அடித்தது. மூதாட்டி உயிரிழந்தார், உடன் வந்தோர் படுகாயமுற்றனர்.

அச்செய்தியை அனுப்பியோருள் பலர் தீங்கு நினைத்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளைக் காக்க வேண்டுமென்ற அக்கறையே அவர்கள் விரலை அழுத்தச் செய்திருக்கும். முன்னாளிலும் வதந்தி உண்டு, ஆனால் அது அடுத்த ஊரை அடையுமுன் "யார் சொன்னது?" என்று கேட்கத் திண்ணையில் ஒருவர் இருந்தார். கைப்பேசிச் செய்தியோ அண்ணன் பெயரிலும் மாமன் பெயரிலும் வந்து நிற்கிறது. அண்ணனை யார் ஐயுறுவார்?

தளங்களை நடத்தும் நிறுவனங்கள் அறச்சாலைகள் அல்ல. பயன்படுத்துவோரின் விருப்பு வெறுப்புகளை அறிந்து விளம்பரம் காட்டுவதே அவற்றின் முதன்மையான வருவாய். பேஸ்புக்கில் ஒரு வினாவிடைச் செயலியில் சேர்ந்தோர் ஏறத்தாழ 2,70,000 பேரே. அவர்தம் நண்பர்களையும் சேர்த்து 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலான விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று 2018 இல் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. தாம் சேராத செயலிக்கும் நண்பர் வழியே தம் விவரம் போய்விட்டது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. இளையோரின் படிப்பு நேரமும் உறக்கமும் கரைவதைப் பெற்றோர் நன்கறிவர். அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் வரம்பிட்டது. பல கை மாறி வந்த செய்திக்கு இப்போது இரட்டை அம்புக்குறி காட்டுகிறது. அதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம். முதலில் எழுதியவர் யார் என்பதை அக்குறி சொல்லாது. குடும்பக் குழுவில் அத்தகைய செய்தியைப் பெரியவர் ஒருவர் இட்டால், அவரைத் தனியே தொலைபேசியில் அழைத்துப் பக்குவமாகச் சொல்வதே முறை. எல்லார் முன்னிலையிலும் கண்டித்தால் அவர் செய்தியை நீக்கமாட்டார்; குழுவை விட்டே நீங்கிவிடுவார்.