பழைய பொறியும் புதிய பொறியும்

ஒரு பொருளுக்கு உடையவர் யார்? விலை கொடுத்து வாங்கியவரே என்று சட்டம் சொல்லும். ஆயின், அப்பொருள் பழுதுற்றவிடத்து அதனைத் தாமே திருத்தவோ, தாம் விரும்பியவரைக் கொண்டு திருத்துவிக்கவோ இயலாத ஒருவரை, உடையவர் என்று முழுமனத்தோடு சொல்லிவிட முடியுமா? நகர வீதியில் ஓடும் மோட்டார் வண்டியைப் பொறுத்தமட்டில் இவ்வினா பெரிதாகத் தோன்றாது. வண்டி நின்றுவிட்டால் அடுத்த சந்தியில் ஒரு திருத்துமிடம் இருக்கும். இல்லையேல் பஸ் வண்டியில் ஏறி வீடு சேரலாம். காட்டினூடும் மலையினூடும் மணல்வெளியினூடும் செல்வதற்கென அமைந்த வண்டிக்கோ நிலைமை வேறு. அது போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. அங்கிருந்து திரும்பியும் வரவேண்டும். ஆளரவமற்ற வெளியில் அது நின்றுபோனால், அதில் இருப்போரின் உயிரே ஊசலாடக்கூடும்.

இத்தகைய வண்டியைப் பற்றி அதனைப் பாவிப்போரிடையே நெடுநாளாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. இலத்திரனியற் கருவிகள் இல்லாத பழைய வண்டியே சிறந்தது என்பது ஒரு கட்சி. கணனிகள் நிறைந்த புதிய வண்டியே சிறந்தது என்பது மறுகட்சி. இவ்வழக்கை ஆராய்வதற்கு லாண்ட் ரோவர் வண்டியின் வரலாறு நல்லதொரு சான்றாகும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் அரசாங்கத் திணைக்களங்களிலும் பல்லாண்டுகள் உழைத்த வண்டி அது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியின் பொறியியல் தலைவராக இருந்தவர் மொறிஸ் வில்க்ஸ் என்பவர். வேல்ஸ் நாட்டை அடுத்த ஆங்கிள்சீ தீவில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கு அவர் பாவித்தது, போரில் எஞ்சிய ஓர் அமெரிக்க ஜீப் வண்டி. அதற்கு ஈடான ஒன்றை ஏன் தாமே செய்யலாகாது என்னும் எண்ணம் 1947ஆம் ஆண்டில் அவருக்கு எழுந்தது. 1948ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அம்ஸ்ரடாம் நகரத்துக் கண்காட்சியில் முதலாவது லாண்ட் ரோவர் உலகின் பார்வைக்கு வந்தது. அக்காலத்தில் பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு நிலவியமையால் வண்டியின் உடல் அலுமினியக் கலவையால் அமைந்தது. தட்டுப்பாட்டினால் நேர்ந்த அவ்வேற்பாடே, உடற்பகுதி எளிதில் துருப்பிடியாமைக்குக் காரணமாயிற்று.

அவ்வண்டியின் பெருமை அதன் எளிமையில் இருந்தது. பெற்றோற் பொறி ஒன்று இயங்குவதற்கு எரிபொருளும் காற்றும் ஏற்ற அளவிற் கலக்கவேண்டும். அக்கலவை அழுத்தம் பெறவேண்டும். உரிய கணத்தில் தீப்பொறி எழவேண்டும். பொறி நின்றுபோனால் இவற்றுள் ஒன்று தவறியது என்பது பொருள். தீப்பொறிக்குரிய தொடுமுனைகள் கரிபிடித்திருந்தால் சிறிய அரத்தினாற் சுரண்டித் துப்புரவாக்கலாம். காபரேற்றரின் நுண்டுளை தூசியால் அடைபட்டிருந்தால் கழற்றி ஊதிவிடலாம். மின்கலம் வலுவிழந்தால் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றிப் பொறியை உயிர்ப்பிக்கலாம். பழைய டீசற் பொறிகளோ இன்னும் எளியன. ஓடத் தொடங்கிய பின்னர் அவற்றுட் பலவற்றுக்கு மின்சாரமே வேண்டுவதில்லை. பழுது எங்கேயென்று கண்ணும் காதும் மூக்கும் சொல்லிவிடும். சிறிது பழகிய சாரதியே பாதி வைத்தியன்.

இதற்குக் கண்கண்ட சாட்சியாக விளங்கியது இந்தியாவின் டார்ஜிலிங் மாவட்டம். அங்குள்ள மானேபஞ்ஜாங் என்னும் சிற்றூரிலிருந்து 3636 மீற்றர் உயரமான சந்தக்பூ மலைமுடிக்குச் செல்லும் செங்குத்தான கற்பாதையில், 1950களிற் செய்யப்பட்ட லாண்ட் ரோவர் வண்டிகள் 2010களிலும் ஆட்களையும் பொருள்களையும் சுமந்து ஏறிக்கொண்டிருந்தன. உற்பத்தி நின்ற பழைய பாகங்களுக்கு ஈடாக வேறு வண்டிகளின் பாகங்களைப் பொருத்தியும், வேண்டியவிடத்துப் பொறியையே மாற்றியும், உள்ளூர்த் தொழிலாளர் அவற்றுக்கு ஆயுள் வளர்த்தனர். திருத்தும் அறிவு அவ்வூரிலேயே குடியிருந்தமையால் வண்டிகளும் அங்கு நிலைத்து வாழ்ந்தன.

இவ்வளவில் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அது நீதியாகாது. பழைய வண்டியின் புகழைப் பாடுவோர் அதன் குறைகளைப் பாடுவதில்லை. விபத்து நேர்ந்தால் அதிலுள்ளோரைக் காக்கும் காற்றுப்பை அதில் இல்லை. வழுக்கும் வீதியில் வேகமாகத் தடுப்பை மிதித்தால் சில்லுகள் இறுகி வண்டி தன் போக்கிற் சறுக்கும். அதன் டீசற் புகை பின்னால் வருவோரின் மூச்சை அடைக்கும். 1990ஆம் ஆண்டில் டிபெண்டர் என்று பெயர்பெற்ற அவ்வண்டியின் பழைய வடிவம், இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்த பின்னர், 2016ஆம் ஆண்டு தை மாதம் 29ஆம் திகதி உற்பத்தியிலிருந்து ஓய்வு பெற்றது. புகை பற்றியும் பாதுகாப்புப் பற்றியும் இறுகிவந்த விதிகளுக்கு அதன் அமைப்பு ஈடுகொடுக்க இயலாமற் போனமை அதற்கு ஒரு முக்கிய காரணம்.

2019ஆம் ஆண்டில் அதே பெயரோடு அறிமுகமான புதிய வண்டி முற்றிலும் வேறொரு பிறப்பு. பழைய டிபெண்டர் 50 சென்ரிமீற்றர் ஆழமான நீரைக் கடக்கும். புதியது 90 சென்ரிமீற்றர் ஆழத்தையும் கடக்கவல்லது. 2020ஆம் ஆண்டில் ஐரோப்பிய மோதற் சோதனையில் அதற்கு ஐந்து நட்சத்திரம் என்னும் உச்சமதிப்புக் கிடைத்தது. மேட்டில் ஏறும்போது ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினால், சாதாரண வண்டியில் பொறியின் வலுவெல்லாம் அச்சில்லைச் சுழற்றுவதிலேயே வீணாகும். புதிய வண்டியிலோ ஒவ்வொரு சில்லிலும் உள்ள உணரிகள் அதனைக் கணப்பொழுதில் அறியும். கணனி அந்த ஒரு சில்லுக்கு மட்டும் தடுப்பைக் கொடுக்கும். வலுவானது நிலத்தைப் பற்றிநிற்கும் சில்லுக்குச் செல்லும். பல்லாண்டுப் பயிற்சியால் ஒரு சாரதி பெறும் திறமையை இக்கருவி புதியவருக்கும் கொடுத்துவிடுகிறது. வண்டி நிலைதடுமாறாமற் காக்கும் இலத்திரனியற் கட்டுப்பாட்டின் பயனை உணர்ந்தே, 2014ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் புதிய கார்கள் யாவற்றுக்கும் அதனைக் கட்டாயமாக்கியது ஐரோப்பிய ஒன்றியம்.

அங்ஙனமாயின் புதிய வண்டியில் உள்ள குறை யாது? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. புதிய வண்டிக்கு அச்சாணிகள் பல. அவை கண்ணுக்குத் தெரிவதுமில்லை. ஒரு கம்பியின் இணைப்பில் ஈரம் புகுந்தால் உணரி தவறான செய்தியை அனுப்பும். பொறிக்குத் தீங்கு வரலாகாதென்று கணனி அதன் வலுவைக் குறைத்துவிடும். வண்டி நடைபிணமாக ஊரும். பொறியில் உண்மையான பழுது இல்லாதிருக்கவும் கூடும். ஆயினும் அதனைக் கண்டறிய வேறொரு கருவி வேண்டும். எரிபொருளும் ஒரு சிக்கலே. மிகுந்த அழுத்தத்தில் டீசலைப் பீச்சும் புதிய பொறிகள், கலப்படமும் அழுக்கும் உள்ள எண்ணெயைப் பொறுக்கமாட்டா. புகைக்கரியை வடிக்கும் வடிகட்டிக்குக் கந்தகம் மிகக் குறைந்த டீசல் தேவை. இக்காரணங்களாலேயே ரொயோட்டா கம்பெனி 1990ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த 4.2 லீற்றர் எளிய டீசற் பொறியைக் கொண்ட லாண்ட் குறூசர் வண்டிகளை, ஆபிரிக்காவின் தொலைப் பகுதிகளிற் பணியாற்றும் நிவாரண நிறுவனங்கள் நெடுங்காலம் விரும்பி வாங்கின. அவை பழமையில் மோகம் கொண்டவை அல்ல. எண்ணெயின் தரத்தையும் திருத்துவோரின் தொலைவையும் கணக்கிற் கொண்டவை.

ஆயினும், ஆழ்ந்து நோக்கினால் வழக்கின் உட்பொருள் வேறொன்றாகும். கணனி தன்னளவில் பகையன்று. பழுது இன்னதென்று எழுத்திலும் எண்ணிலும் சொல்லவல்ல நல்ல சாட்சி அது. அச்சாட்சியின் மொழியைச் செய்தவர் மட்டும் அறிந்து, உடையவரும் ஊர்த் தொழிலாளியும் அறியாதிருக்கும்போதே தொல்லை பிறக்கிறது. இதனை உணர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டிற் செய்த விதியொன்று, திருத்துவதற்கு வேண்டிய தகவல்களைச் சுயாதீனத் திருத்துநர்களுக்கும் வழங்குமாறு உற்பத்தியாளரைப் பணித்தது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து மக்கள் 2012ஆம் ஆண்டில் தங்கள் வாக்கினால் அதே உரிமையை நிலைநாட்டினர். உழவு இயந்திரங்களைத் திருத்தும் மென்பொருளை உழவருக்கு முழுமையாகக் கொடுக்கவில்லை என்று, 2025ஆம் ஆண்டு தை மாதத்தில் அந்நாட்டின் வர்த்தக ஆணைக்குழு பெருங் கம்பெனியொன்றின்மீது வழக்குத் தொடுத்தது. அறுவடைக் காலத்தில் நின்றுபோன இயந்திரத்தின் அருகே கைகட்டி நிற்கும் உழவரின் நிலையும், காட்டில் நின்றுபோன வண்டியின் சாரதியின் நிலையும் ஒன்றே.

இலங்கை மக்களுக்கும் இது தொலைநாட்டுக் கதையன்று. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டிலேயே தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த வண்டியே வண்டி. புதிதாக வாங்கும் வழி அடைபட்டபோது, திருத்தத் தெரிந்த கையின் மதிப்பை நாடு கண்டுகொண்டது.

ஆதலின் இத்தகைய வண்டியை வாங்க எண்ணுவோர், பழையதா புதியதா என்று வினவுமுன்னர் வேறு சில வினாக்களை எழுப்புதல் நன்று. வண்டி செல்லும் இடத்துக்கும் அதனைத் திருத்தவல்லவர் இருக்கும் இடத்துக்கும் தூரம் எவ்வளவு? அங்கு கிடைக்கும் எண்ணெய் எத்தகையது? உதிரிப் பாகங்கள் இன்னும் பத்தாண்டுக்குக் கிடைக்குமா? பழுதைப் படித்தறியும் கருவியும் அதனைக் கையாளும் அறிவும் ஊரில் எவரிடமாவது உண்டா? பெருந்தெருவில் பிள்ளைகளையும் முதியோரையும் ஏற்றிச் செல்லும் வண்டியா? இவ்விறுதி வினாவுக்கு ஆம் என்பது விடையாயின், காற்றுப்பையும் சறுக்கலைத் தடுக்கும் கருவியும் இல்லாத வண்டியை எளிமையின் பெயரால் தெரிந்தெடுப்பது அறிவுடைமையாகாது. ஆளற்ற காட்டிலும் மேட்டிலும் நாள்தோறும் உழைக்கும் வண்டியாயின், கையாலே திருத்தக்கூடிய எளிய பொறிக்குத் தனிமதிப்பு உண்டு.

பழைய வண்டி தன்னை உடையவருக்கு ஒரு கல்வியைக் கொடுத்தது. புதிய வண்டி அவருக்கு ஒரு காவலைக் கொடுக்கிறது. காவலைப் பெறுவதற்காகக் கல்வியை இழக்கவேண்டும் என்பது இயற்கை விதியன்று. மனிதர் செய்த ஏற்பாடே. தொழிற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர் அரத்தையும் சாவியையும் பிடிக்கப் பழகுவதோடு கணனி சொல்லும் குறியீட்டை வாசிக்கவும் பழகுவாராயின், உற்பத்தியாளர் அக்குறியீட்டை மறைக்கலாகாது என்று சட்டமும் துணைநிற்குமாயின், புதிய பொறியும் தன்னை வாங்கியவருக்கே உரியதாகும்.