இனாமாக வந்த மாட்டுக்கும் தீவனம் வேண்டும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பயிற்சிக் குழு உறுப்பினர் பேசியது)



புது ஊக்குநர்களுக்குக் கணக்கு எழுதும் பயிற்சியை ஆன்லைனில் நடத்தலாம் என்று தீர்மானம் போட்டோம். எந்த மென்பொருள் நமக்குச் சரிப்படும் என்று பார்த்து வரச் சொன்னீர்கள். பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

முன்பு வீடியோவில் ஒரு வகுப்பு நடத்தினோமே, ஞாபகம் இருக்கா? பாதிப் பேர் வரவில்லை. சாயங்காலம் போன் வீட்டுக்காரர் கையில், இல்லைன்னா பிள்ளை கையில். வந்தவர்களுக்கும் பாதியில் டேட்டா தீர்ந்து போச்சு. அப்போது விட்டுப்போன ஒரு குழுவில் இன்னைக்கும் வெளியாள்தான் காசு வாங்கிக்கொண்டு ரொக்கப் புத்தகம் எழுதுகிறார். கணக்கு அடுத்தவர் கையில் இருந்தால், பணம் யார் கையில் இருக்கு? யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, நேரம் கிடைக்கும்போது திறந்து படிக்கிற வகுப்பறைதான் நமக்கு வேண்டும். இரண்டைப் பார்த்தேன்.

ஒன்று மூடுல். 2002-ல் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் வெளியிட்டது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். பாடம், தேர்வு, மதிப்பெண் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அதன் போன் செயலியில் பாடத்தை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் படிக்கலாம். ஆனால் நாமே வைத்து நடத்தினால் சர்வர் வாடகை கட்டணும். அப்டேட் செய்ய, பேக்கப் எடுக்க விவரம் தெரிந்த ஆள் வேண்டும். இனாமாக வந்த மாட்டுக்கும் தீவனம் நாமதானே போடணும்!

இன்னொன்று கூகுள் கிளாஸ்ரூம். 2014-ல் வந்தது. சர்வர் கவலை நமக்கு இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கூகுள் கணக்கு வேண்டும். வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் கணக்கிலேயே நுழைந்தால், படித்தது நீங்கள், பதிவு அவர் பெயரில்!

என் யோசனை இதுதான். நம்மிடம் கணினி ஆள் இல்லாத வரை கிளாஸ்ரூமில் தொடங்குவோம். முதலில் 10 பேர், ஒரே பாடம்: ரொக்கப் புத்தகம் எழுதுவது. நம்மில் யாரிடம் இருப்பதிலேயே பழைய ஸ்மார்ட்போன் இருக்கிறதோ, அதில் திறந்து பார்ப்போம். அதில் ஓடினால் எல்லாருக்கும் ஓடும்.

இன்னும் இரண்டு விஷயம். பாடங்களின் அசலை நம் கணினியில் வைத்திருக்கணும். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் கைவிட்டுப் போகாது. வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து மாதிரி, வகுப்பறைப் பொறுப்பும் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

சம்மதம் என்றால் இன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம்.